மேசையின் இந்தப் பக்கம்

2025 ஒக்டோபரில், கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் என் கையில் தந்தவை ஒரு பச்சை மேலங்கி, ஒரு பேனா, ஒரு துடைதுணி. முதல் வேலை, சீனி நிறுத்துப் பொதி செய்வது.

எனக்கு 41 வயது. மாதச் சம்பளத்துக்காக நான் கையெழுத்து வைத்தது இதுதான் முதல் தடவை. அதற்கு முன் 14 ஆண்டுகள் வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2011 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் குடியிருந்த காலத்தில், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய வேலை அது. அதற்குக் கிடைப்பதை எவரும் சம்பளம் என்று சொல்வதில்லை, கொடுப்பனவு என்பார்கள். கணவர் மேசன். காலபோக மழை தொடங்கினால் அவருக்கு வேலை நின்றுவிடும். மகள் உயர்தரம் படிக்கிறாள். நுண்கடன் தவணை புதன்கிழமை தவறாமல் வாசலுக்கு வந்து நிற்கும். வன்னியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

விண்ணப்பத்தோடு கிராம அலுவலர் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் கேட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி 2009 இல் எந்தப் பதுங்குகுழியில் கிடந்து உக்கியதோ தெரியாது. கையில் இருப்பது பின்னர் நடமாடும் சேவையில் எடுத்தது. முன் அனுபவம் என்ற இடத்தில் முன்பள்ளி என்று எழுதியிருந்தேன். நேர்முகம் செய்தவர் அதைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் உங்களுக்குப் பொறுமை இருக்கும்” என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சீனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையின் பின்புறத்துச் சின்ன அறையில் ஒரு மேசை, அதன்மேல் மின்தராசு. 50 கிலோ மூடை ஒன்றைத் தோளில் கொண்டுவந்து இறக்கிய பையன், என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். “ரீச்சர்?” என்றான். நான்கு வயதில் என் மடியில் இருந்து அழுத பிள்ளை; இப்போது 18 வயது, மீசை அரும்பியிருக்கிறது. நான் மேலங்கியோடு நிற்பதைப் பார்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் மூடையின் வாயை அவிழ்க்கத் தொடங்கினான். “நீ எனக்கு முன்னால் வேலைக்கு வந்தவன், எனக்கு ஏதாவது தெரியாவிட்டால் சொல்லித் தர வேண்டும்” என்றேன். அதன் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

எனக்கு வேலை பழக்கியவள் பூநகரிப் பக்கத்துப் பிள்ளை, 23 வயது. அவள் முதலில் காட்டித் தந்தது சீனியை அல்ல, வெறும் பையை. “இதைத் தராசில் வையுங்கள், அக்கா.” வைத்தேன். 0.005 என்று காட்டியது. ஐந்து கிராம். “இப்போது இந்தப் பொத்தானை அழுத்திப் பூச்சியமாக்குங்கள். பிறகுதான் சீனி.” அவள் அள்ளிக் கொட்டிய விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிய கரண்டியால் 900 கிராம் வரை ஒரே அள்ளலில் போடுகிறாள். பிறகு சின்னக் கரண்டி. கடைசியில் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை. இலக்கம் ஆடி அடங்கும் வரை கையை மேசையின் விளிம்பிலும் வைக்க மாட்டாள். மேசை அசைந்தால் இலக்கமும் அசையும்.

பூச்சியமாக்க மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வாங்குகிறவருக்கு ஐந்து கிராம் குறையும், அவ்வளவுதான், எவருக்கும் தெரியவராது என்றாள். அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு மூடையில் 50 பொதி. ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம் என்றால் 250 கிராம். ஒரு வீட்டுக்கு நாலைந்து நாள் தேநீருக்குக் காணும்.

தராசைப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் பிடிக்க வந்தபோது நாங்கள் விசுவமடுப் பக்கம் ஓடினோம். எனக்கு 12 வயது. நிவாரண அட்டையோடு சங்கக்கடை வரிசையில் அம்மாவுக்கு இடம் பிடித்து நிற்பது என் வேலை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இல்லாவிட்டால் அந்தக் காலத்து வன்னி பட்டினி கிடந்திருக்கும். அந்த நன்றியை மறந்து நான் பேச மாட்டேன். ஆனால் நாங்கள் போன கடையில் நிறுத்துத் தருகிற ஒருவர் இருந்தார். அரிசியைத் தட்டில் உயரத்திலிருந்து கொட்டுவார். விழுந்த வேகத்தில் முள் ஓடிப்போய் இரண்டு கிலோவைத் தாண்டும். அது திரும்பி வருவதற்குள் தட்டைத் தூக்கிப் பைக்குள் சாய்த்துவிடுவார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து சுண்டு என்னும் அளவுக் குவளையால் அளந்து பார்ப்பார். அளந்துவிட்டுச் சுண்டைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும், அன்றைக்குக் கஞ்சி.

எனவே சீனி நிறுக்கும் வேலையை நான் சின்ன வேலையாக எண்ணவில்லை.

இரண்டாம் வாரம் காசாளர் மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பது பேச்சுக்குத்தான், அங்கே கதிரை கிடையாது. எட்டு மணித்தியாலமும் நிற்க வேண்டும். முதல் வாரம் குதிக்கால் வலியால் இரவில் கால்களைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுத்தேன். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தியை வந்த நாளிலும் படித்தேன்தான், ஆனால் அப்போது அது யாரோ ஊரார் விஷயமாகப் பட்டது. வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதால் கடைக்கு என்ன குறைந்துவிடும் என்று இப்போது உண்மையாகவே கேட்கிறேன். எங்கள் மேலாளரிடமும் கேட்டேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மேசைக்கு வந்த பிறகு நான் மிக விரும்பிப் படித்தது பார்கோட். கறுப்புக் கோடுகளை ஸ்கானர் படித்துக்கொள்ளும். கோடு கசங்கியிருந்தால் அதன் கீழே உள்ள 13 இலக்கங்களையும் நாங்கள் கையால் அழுத்த வேண்டும். 479 இல் தொடங்கினால் இலங்கையில் பதிந்த எண். 890 என்றால் இந்தியா. எங்கே பதிந்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும், பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அல்ல; இதைப் பலர் மாறி விளங்கியிருக்கிறார்கள். 2 இல் தொடங்கினால் கடை தன் பாவனைக்குத் தானே அச்சிட்டது. நான் நிறுத்த சீனிப் பொதியில் ஒட்டுவது அந்த வகை.

கையால் அழுத்தும்போது ஓர் இலக்கம் பிழைத்தாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாமல் கத்தும். அதற்கு எப்படித் தெரிகிறது என்று பூநகரிப் பிள்ளையிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. மகள்தான் தேடிச் சொன்னாள். முதல் 12 இலக்கங்களையும் இடமிருந்து எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்க வேண்டும்: இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று. மற்றவற்றை அப்படியே விட்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். அன்று இரவு நாங்கள் இருவரும் வீட்டில் இருந்த தேயிலைப் பெட்டி, சவர்க்காரம், மீன் ரின் எல்லாவற்றையும் பாயில் பரப்பிவைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அம்மா மூலையில் இருந்தபடி, “எதை எண்ணுகிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காசு எண்ணுவதில் ஒரு தடவை எனக்குப் பிழைத்தது. பின்னேர நெருக்கடியில் ஒருவர் 500 ரூபாய்த் தாள் தந்தார். நான் 1,000 என்று நினைத்து மிச்சக்காசு கொடுத்துவிட்டேன். இரவு, காசு வைக்கும் லாச்சியை எண்ணியபோது 500 ரூபாய் குறைந்தது. அது என் சம்பளத்தில் கழிந்தது. நாள் முழுதும் நூற்றுக்கணக்கான தாள்கள் கைமாறும் இடத்தில் ஒரு பிழையை அப்படியே ஊழியரின் தலையில் போடுவது நியாயமென்று எனக்குப் படவில்லை, அதையும் சொன்னேன். ஆனால் அன்று ஒன்றைப் பழகினேன். வாடிக்கையாளர் தரும் தாளை உடனே லாச்சிக்குள் போடக் கூடாது. லாச்சியின் மேல் அவர் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் தெரியும்படி வைத்து, “ஆயிரம் தந்திருக்கிறீர்கள்” என்று வாய்விட்டுச் சொல்லி, மிச்சத்தை அவர் கையில் எண்ணி வைத்த பிறகுதான் உள்ளே. பூநகரிப் பிள்ளை இதை முதல் நாளே சொல்லியிருந்தாள். கேட்ட அன்று காதில் நின்றது, 500 ரூபாய் போன அன்றுதான் கைக்கு வந்தது.

மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தெரிந்தவர்கள். “ரீச்சர், நீங்கள் இங்கேயா?” என்ற கேள்வியை முதல் மாதம் ஒவ்வொரு நாளும் கேட்டேன். சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஒரு தாய் மட்டும் நேரே வந்து, “நல்லது ரீச்சர், இனிமேல் எனக்குத் திகதி வாசித்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது” என்றார்.

அவர் சொன்னது பெரிய விஷயம். பொதிகளில் மூன்று மொழியும் இருக்க வேண்டும் என்றாலும், தமிழ் எழுத்து எறும்பளவில் மடிப்புக்குள் கிடக்கும். காலாவதித் திகதியை அடியில் குத்தியிருப்பார்கள். ஆகக்கூடிய சில்லறை விலை இன்னொரு மூலையில். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் எந்தக் கடையும் வாங்க முடியாது, வாங்கினால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடலாம் என்பதே பலருக்குத் தெரியாது. காலையில் நான் றாக்கையை அடுக்கும்போது புதிதாக வந்ததைப் பின்னுக்கும் பழையதை முன்னுக்கும் வைக்கிறேன், அதுதான் முறை. ஆனால் காலாவதிக்கு ஒரு கிழமையே இருக்கும் பால்மாவை, மாதத்துக்கு ஒருமுறை நகரத்துக்கு வருகிற ஒருவர் எடுத்தால், அந்தத் திகதியை வாசித்துக் காட்டாமல் நான் பில் போடுவதில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எங்கள் ஊர் முடக்கில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. நாங்கள் அந்த முதலாளியைக் கடை ஐயா என்போம். அவரிடம் ஒரு நீளக் கொப்பி உண்டு. வன்னியில் வயல் செய்கிறவர்களின் கையில் காசு வருவது அறுவடைக்குப் பின்தான். காலபோக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரும். அதுவரை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் அந்தக் கொப்பியில்தான் ஓடும். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா 540 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 790 ஆனபோது, கடை ஐயா பொதியை உடைத்துச் சின்னச் சின்னப் பையில் கட்டி வைத்தார், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் கொடுத்தார், அதையும் கொப்பியில் எழுதினார். அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தியில் வாசித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த 94.9 வீதமும் அவருடைய கொப்பியில் ஒரு பக்கமாக இருந்தது.

நான் வேலை செய்யும் கடையின் கணினியில் கடனுக்கு இடமில்லை. ஒருவரிடம் 80 ரூபாய் குறைந்தால் ஒரு சாமானைத் திருப்பி எடுத்துவிட்டுத்தான் பில் முடியும். மேசையில் மனிதர்கள் தங்கள் சாமான்களைப் பார்த்து எதை விடலாம் என்று யோசிக்கும் அந்த அரை நிமிடம் எனக்கு மிகவும் கடினம். பெரும்பாலும் பிஸ்கட்டை விடுவார்கள், அல்லது பற்பசையை. பருப்பை விட மாட்டார்கள். பின்னால் நிற்பவருக்குத் தெரியாதபடி நான் அதை மெதுவாக எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

முதல் சம்பளத்தில் கடை ஐயாவின் கணக்கைத் தீர்க்கப் போனேன். காசை எண்ணி வாங்கி, பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அங்கே பருப்பு என்ன விலை, பிள்ளை?” என்று கேட்டார். சொன்னேன். தன்னுடைய கொள்விலையே அதைவிடக் கூட என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் அங்கேயே அரைக் கிலோ பருப்பும் ஒரு நெருப்புப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் அவரிடம்தான் வாங்குகிறேன். அது அவருக்குப் போதாது என்பதும் தெரியும்.

நவம்பர் முதலாம் திகதியிலிருந்து சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. முதல் இரண்டு கிழமையும் அந்தச் சில ரூபாய்க்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. மூன்றாம் கிழமை மக்கள் உரப்பையோடு வரத் தொடங்கினார்கள். வயதான ஒருவர் பனையோலை உமல் ஒன்றைக் கொண்டுவந்தார். சாமானை அதற்குள் அடுக்கும்போது ஓலை வாசம் வந்தது. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

அந்த மாதக் கடைசியில்தான் மழை. நவம்பர் 28 இல் டித்வா புயல் கிழக்குக் கரையால் ஏறியது. நாட்டில் 600 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையகத்தில் வீடுகளோடு மண்ணுக்குள் போனார்கள். எங்களுக்கு அந்த அளவு இல்லை. ஆனால் மின்சாரம் போயிற்று, தெற்கிலிருந்து வரும் லொறிகள் நின்றன, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தபோது நனைந்தபடி ஒரு வரிசை நின்றது. பாண், மெழுகுதிரி, பருப்பு, பற்றறி.

வரிசையைக் கண்டதும் என் வயிறு இறுகிவிட்டது. என் பிள்ளைப்பராயம் முழுதும் போர்க்காலப் பொருளாதாரத் தடை. மெழுகுதிரி கண்ணால் காண்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி கோத்து எரித்த வெளிச்சத்தில்தான் படித்தேன். பிறகு 2009 இல் மெனிக் பாமில் தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வரிசையில் நிற்பவருக்கு ஒரே எண்ணம்தான்: எனக்கு முன்னால் முடிந்துவிடுமோ.

இப்போது நான் மறுபக்கம் நிற்கிறேன். ஒரு வீட்டுக்கு மெழுகுதிரி ஒரு பெட்டி, பருப்பு ஒரு கிலோ என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் முதல் பத்துப் பேரோடு எல்லாம் முடிந்திருக்கும். பதினைந்தாவது ஆளாக வந்தவர் நான்கு பெட்டி மெழுகுதிரி எடுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும், மழையில் ஊறிய சாரம். “ஐயா, ஒருவருக்கு ஒரு பெட்டிதான் கொடுக்கிறோம். பின்னால் நிற்பவர்களுக்கும் வேண்டும்” என்றேன். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார், இரவு முழுதும் வெளிச்சம் வேண்டும் என்றார். நான் மேலாளரைத் தேடினேன். அவர் களஞ்சியத்தில் இருந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், “எங்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது” என்று குரல் கொடுத்தார். நான் இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் நான்கு பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, அந்த ஒன்றைக்கூட எடுக்காமல், மழைக்குள் போய்விட்டார்.

விசுவமடுவில் என் அம்மாவைப் பார்த்து, “முடிந்துவிட்டது, நாளைக்கு வா” என்று ஒருமையில் விரட்டியவரைப் போல நான் நடக்கவில்லை என்று அன்று இரவு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. அந்த ஒரு பெட்டியையாவது கையில் கொடுத்துவிட்டிருக்கலாம். பின்னால் ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். மேசையை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் விதி என் காலைப் பிடித்துவிட்டது. பத்து நாள் கழித்து அவர் அரிசி வாங்க வந்தார். என் மேசைக்கே வந்தார். நான், “வீட்டில் இருப்பவருக்குச் சுகமா, ஐயா?” என்று கேட்டேன். “இருக்கிறார்” என்றார். வேறெதுவும் பேசவில்லை. மிச்சக்காசை இரண்டு கையாலும் கொடுத்தேன்.

சம்பளக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கு வர யோசிக்கும் பெண்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் சேர்ந்தபோது நாட்டின் ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ரூபாய், எனக்கும் அதுவே. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபாய் கழித்துக் கையில் 24,840. முதலாளி தன் பங்காக 12 வீதம் அந்த நிதிக்கும், 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் போட வேண்டும். அதை நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. 2026 ஜனவரியிலிருந்து ஆகக்குறைந்த சம்பளம் 30,000 ஆனது. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, ஒன்றரை நாள் விடுமுறை. நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை. 14 ஆண்டு பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு இப்படி ஓர் இலக்கம் கடையில்தான் கிடைத்தது. அந்தக் கடிதத்தைப் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறைக்குள் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. தைப்பொங்கலுக்கு முதல் வாரம், மகள் அவரைக் கடைக்குக் கூட்டிவந்தாள். அம்மா இப்படி ஒரு கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றப் போனார், மகள் தடுத்துவிட்டாள். றாக்கைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தார். தாமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியும் எதையும் தொடாமல், ஒவ்வொன்றையும் மகளிடம் சுட்டிக்காட்டினார். பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசி, பயறு, சர்க்கரை, கஜூ கொஞ்சம், ஒரு கிலோ சீனி.

பிறகு வரிசையில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் மூன்று பேர். பக்கத்து மேசையில் ஆளில்லை, பூநகரிப் பிள்ளை, “அம்மா, இங்கே வாருங்கள்” என்று கூப்பிட்டாள். அம்மா அசையவில்லை. முறை வந்ததும் சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். மகளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கவில்லை. நிறுப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் பில் போட்டேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் தந்தார். நான் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. “இரண்டாயிரம் தந்திருக்கிறீர்கள்” என்று சொல்லி, மிச்சத்தைக் கையில் எண்ணி வைத்தேன்.

அம்மா சீனிப் பொதியை மட்டும் பைக்குள் வைக்காமல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். “இதை நிறுத்தது யார்?”

“நான்தான், அம்மா.”

“இன்னொரு தடவை நிறுத்துக் காட்டு.”

பின்னால் ஒரு தம்பி நின்றார். அவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பொதியை மேசைத் தராசில் வைத்துக் கையை எடுத்தேன். இலக்கம் ஆடியது. அம்மா குனிந்து, அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

1.005.

“அந்த ஐந்து என்ன?” என்று கேட்டார். பையின் நிறை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, சீனியை உரப்பைக்குள் வைத்து வாயை மடித்துக்கொண்டு, வெளியே போனார்.